சுங்கம் கேட்ட ஆறு

அன்புள்ள சார்,

பிராங்க்ஃபர்ட்டில் நான்கு வருடமாக இருக்கிறோம். வரும் மே மாதம் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து முதல்முறையாக வருகிறார்கள். அப்பா தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வரலாறு என்றால் நேரம் போவது தெரியாமல் கேட்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி. இரண்டு மாடி ஏறினால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. பையனுக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஏறவும் ஓடவும் இடம் வேண்டும். மூன்று பேருக்கும் பொருந்துகிற இடம் ரைன் பள்ளத்தாக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்களும் அதைப் பற்றிப் போகிறபோக்கில் சில இடங்களில் எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் இங்கே நண்பர்கள், "ரூடஸ்ஹைமில் கப்பல் ஏறு, கோட்டைகளைப் படம் எடு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடு, மிச்ச நாளைப் பாரிஸுக்கு வைத்துக்கொள்" என்கிறார்கள். இரண்டு வருடம் முன்பு நாங்கள் அப்படித்தான் போனோம். மூன்றாவது கோட்டைக்கு மேல் எதுவும் நினைவில் நிற்கவில்லை. என் கணவர், "செஞ்சியைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்" என்கிறார். அங்கே உண்மையில் பார்க்க என்ன இருக்கிறது? எப்படிப் பார்ப்பது?

எஸ்., பிராங்க்ஃபர்ட்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவர் சொல்வது சரிதான். கப்பலின் மேல்தளத்தில் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கோட்டைகள் ஒன்றுபோலத்தான் தெரியும். பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர். 2002ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பகுதி இது. இதற்குள் ஏறக்குறைய நாற்பது கோட்டைகள் இருக்கின்றன. செஞ்சியைக் கட்டியவர்களுக்குக் காக்க ஒரு ராஜ்ஜியம் இருந்தது. இங்கே ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒன்றாக நிற்கிற இவை எதைக் காத்தன? அதைக் கேட்டுக்கொண்டு போனால் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாகப் பேச ஆரம்பிக்கும்.

பதில் உங்கள் அப்பாவுக்குச் சட்டென்று பிடிபடும். வருவாய். இரண்டு பக்கமும் மலை நெருக்க, ஆறு ஒற்றைச் சந்தாக ஓடுகிற இடம் அது. தெற்கிலிருந்து வடக்கே போகும் திராட்சை மதுவுக்கும் தானியத்துக்கும் மரத்துக்கும் ஆற்றை விட்டால் நல்ல வழி கிடையாது. படகுக்காரன் சுற்றிக்கொண்டு போக முடியாது. ஆகவே எந்தப் பிரபுவுக்கு, எந்தப் பேராயருக்கு அங்கே ஒரு துண்டுக் கரை இருந்ததோ, அவர் படகை நிறுத்திச் சுங்கம் கேட்டார். நம் பக்கம் முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பேர் வாங்கிவிட்டுப் போனான். ரைன் நதியில் சுங்கத்தை அடியோடு நிறுத்த 1868ல் மன்ஹைம் ஒப்பந்தம் வரவேண்டியிருந்தது.

அதனால் காவ்பிலிருந்து ஆரம்பியுங்கள். பிராங்க்ஃபர்ட்டிலிருந்து வலதுகரை வழியாக கோப்லென்ஸ் போகும் வட்டார ரயில் அங்கே நிற்கும். இறங்கினால் எதிரே, ஆற்றின் நடுவில், ஒரு கல் கப்பல் நங்கூரம் போட்டதுபோல நிற்கிறது ப்ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன். ஜெர்மானிய அரசர் பவேரிய லுட்விக் 1326-27ல் சுங்கத்துக்காகவே எழுப்பிய கோபுரம் அது. சுற்றி உள்ள மதில் சில ஆண்டுகள் கழித்து வந்தது. மதிலின் ஒரு முனை மட்டும் கூராக நீர் வரும் திசையைப் பார்த்திருக்கும். குளிர்காலத்தில் மிதந்து வரும் பனிப்பாளங்களைப் பிளப்பதற்கான ஏற்பாடு அது. பின்னால் மலைமேல் இருக்கும் குட்டன்ஃபெல்ஸ் கோட்டையும் இதுவும் சேர்ந்துதான் ஆற்றை அடைத்தன. இந்தச் சுங்கத்தை போப்பே எதிர்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. கரையிலிருந்து சின்னப் படகில் போய் உள்ளே பார்த்து வரலாம். உள்ளே படிகள் உண்டு, அம்மா கரையில் இருப்பது நல்லது.

கரையில் இருப்பதாலும் ஒன்றும் நஷ்டமில்லை. போன முறை அங்கே ஒரு பெஞ்சில் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மேல்நோக்கிப் போகும் சரக்குக் கப்பல்கள் மனிதன் நடக்கிற வேகத்தில், முக்கி முனகி, ஏறுகின்றன. கீழ்நோக்கி வருபவை சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு கப்பலின் பின்தளத்தில் கார் ஒன்று நின்றது, ஜன்னலோரம் ஜெரேனியம் தொட்டிகள், கொடியில் ஒரு சிறுவனின் சட்டைகள். குடும்பமே அதில் குடியிருக்கிறது. கரையில் ஒரு சின்னக் கோபுரம் நீர்மட்டத்தைச் சென்டிமீட்டரில் காட்டும். அந்த எண்ணைப் பையனிடம் காட்டி விளக்குங்கள். 40 என்று இருந்தால் ஆழம் 40 சென்டிமீட்டர் என்று பொருளில்லை. கப்பல் போகும் தடத்தின் ஆழம் தெரிய அதோடு ஏறக்குறைய 1.10 மீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்தப் பகுதியில் தடம் ஆழமில்லாமல் போவது இங்கேதான். அதனால் இதைத் தாண்டி மேலே போகும் கப்பல் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்பதை அந்த எண் தீர்மானிக்கிறது. 2018 அக்டோபரில் அது 25க்கு இறங்கியது. மேலே லுட்விக்ஸ்ஹாஃபனில் இருக்கும் வேதித் தொழிற்சாலைகள் வரை அதன் சூடு எட்டியது. சுங்கம் போய்விட்டது. ஆனால் காவ்பைக் கேட்காமல் சரக்கு இன்றும் மேலே போவதில்லை.

அங்கிருந்து கார்ப் படகில் அக்கரை போனால் மூன்று கிலோமீட்டர்போல பாக்கராக். மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே பாலமே கிடையாது, எல்லாம் படகுதான். பாலம் கட்டலாமா, காட்சி கெடுமா என்று பல வருடமாக வாதம் நடக்கிறது. அழகைப் பார்க்க வந்து போகிற நமக்குப் படகு இனிமைதான். இரவில் கடைசிப் படகைத் தவறவிட்டு, எதிரே தெரிகிற வீட்டுக்கு ஊரைச் சுற்றிப் போகிறவன் பாலம் கேட்டால், நான் அவன் பக்கம்.

இரண்டு இரவு பாக்கராக்கில் தங்குங்கள். இரு கரையிலும் ரயில் பாதை, ராத்திரி முழுக்கச் சரக்கு ரயில் ஓடும். அறை எடுக்கும்போதே மலைப்பக்கம் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். மேலே ஷ்டாலெக் கோட்டை இப்போது இளைஞர் விடுதி, குடும்பங்களும் தங்கலாம்.

அந்த ஊரில் ஓர் இடத்தில் அப்பாவோடு கொஞ்சம் நில்லுங்கள். தேவாலயத்துக்கும் கோட்டைக்கும் நடுவில், படியேறும் வழியில், கூரையில்லாத ஒரு சிவப்புக் கல் மண்டபம். ஜன்னல்களின் கல்வேலைப்பாடு மட்டும் வானத்தில் வரைந்ததுபோல நிற்கும். எல்லோரும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வெர்னர் சிற்றாலயம் என்று பெயர். 1287ல் வெர்னர் என்ற பையன் இறந்துகிடந்தான். யூதர்கள்தான் ரத்தத்துக்காகக் கொன்றார்கள் என்று வதந்தி கிளம்பியது. ரைன் கரையிலும் மோசல் கரையிலும் ஊர் ஊராக யூதர்களைக் கொன்றார்கள். பையனைப் புனிதனாக்கிக் கும்பிட்டார்கள், அந்த வழிபாட்டுக்காக எழுந்ததுதான் இந்தக் கட்டடம். அவன் திருநாளை மறைமாவட்ட நாட்காட்டியிலிருந்து எடுத்தது 1963ல். கட்டடம் இடிந்தது வேறு காரணத்தால், 1689ல் பிரெஞ்சுப் படை மேலே இருந்த கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தபோது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த இடத்தைக் கடந்துபோவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவ்வளவு அழகான கல்லுக்கு அடியில் அப்படி ஒரு பொய் இருந்தது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் சொல்லலாம்.

மறுநாள் காலை கப்பலில் ஏறுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சாங்க்ட் கோவார் வந்துவிடும், அந்த அளவு கப்பல் போதும். வழியில் ஓபர்வேசல் ஊர் மதில், அதில் இன்றும் 16 கோபுரங்கள். அப்புறம் ஆறு குறுகித் திரும்பும் இடத்தில், தண்ணீரிலிருந்து 132 மீட்டர் செங்குத்தாக, லோரலைப் பாறை. பாறைமேல் உட்கார்ந்து தலைவாரிக்கொண்டே பாடி மாலுமிகளை மயக்கிக் கவிழ்த்த பெண்ணின் கதையை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். ஆதிகாலக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். கிளெமென்ஸ் பிரெண்டானோ என்ற கவிஞர் 1801ல் எழுதிய ஒரு கதைப்பாட்டில்தான் லோரலை என்ற பெண் பிறந்தாள். ஹைன்ரிஹ் ஹைனே என்ற கவிஞரின் 1824ஆம் ஆண்டுக் கவிதை அவளை உலகமெல்லாம் கொண்டுபோனது. பாறையும் நீரோட்டமும் கப்பல்களை உடைத்தது நிஜம். பழியைச் சுமக்க ஒரு பெண்ணைக் கொண்டுவந்து உட்காரவைத்தது கவிஞர்கள்.

கோட்டைகளிலும் இப்படித்தான். நீங்கள் பழையது என்று வியக்கும் பல கோபுரங்கள் இடிந்துகிடந்து, 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய அரச குடும்பத்தார் ஆசைப்பட்டு மறுபடி எழுப்பியவை. ரைன்ஷ்டைன், ஷ்டோல்சன்ஃபெல்ஸ் இரண்டும் அந்த வகை. நிஜமான இடைக்காலக் கோட்டையை உள்ளே போய்ப் பார்க்க ஆசை என்றால் பிரவ்பாக்குக்கு மேலே மார்க்ஸ்புர்க். இந்தப் பகுதியின் மலைக்கோட்டைகளில் ஒருபோதும் இடிபடாதது அது ஒன்றுதான். நுழைந்ததும் பாறையிலேயே வெட்டிய குதிரைப் படிகள், கால் வழுக்கும் அளவுக்குத் தேய்ந்தவை. வழிகாட்டியோடுதான் விடுவார்கள். கணவரையும் அப்பாவையும் அனுப்புங்கள். அம்மாவுக்கு வேண்டாம்.

அம்மாவுக்கு கோப்லென்ஸ். 2011 தோட்டக்கலைக் கண்காட்சிக்காகப் போட்ட கம்பிவட ஊர்தி ஆற்றுக்கு மேலாகவே எரன்பிரைட்ஷ்டைன் கோட்டைக்குக் கொண்டுபோய் விடும், படியே ஏறவேண்டாம். மேலிருந்து பார்த்தால் மோசலும் ரைனும் கலக்கும் முனை. பல நாட்களில் இரண்டு நிறத் தண்ணீர் கொஞ்ச தூரம் ஒட்டாமலே ஓடும். ஊரின் பெயரே 'கூடும் ஆறுகள்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பவானி கூடுதுறையைப் பார்த்தவர் என்றால் அம்மாவுக்கு நீங்கள் எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

பையனுக்கு போப்பார்ட். நாற்காலித் தூக்கியில் இருபது நிமிடம் மேலே போனால், ரைன் தன் பெரிய வளைவை அடிக்கும் இடம் காலடியில். கொஞ்சம் நடந்தால் நான்கு ஏரிக் காட்சி: நடுவில் மலைகள் மறைப்பதால் ஒரே ஆறு நான்கு தனி ஏரியாகத் தெரியும். இரும்பு ஏணியும் கம்பியும் பிடித்து ஏறும் பாதையும் அங்கே உண்டு. கருவிகளை வாடகைக்கு எடுத்துப் பெரியவர் ஒருவர் கூடவே போகவேண்டும். நடக்கப் பிடித்தவர்களுக்கு வலதுகரையில் பானிலிருந்து வீஸ்பாடன் வரை 320 கிலோமீட்டர் ரைன்ஷ்டைக் பாதை. ஒரு மணி நேரம் நடந்தாலே போதும், திராட்சைச் சரிவுகள் நடுவில் பாதை போகும். அங்கே ஒரு ஸ்லேட் கல்லைக் கையில் எடுங்கள். பகல் வெயிலை வாங்கி இரவில் கொடிக்குக் கொடுப்பது அந்தக் கல்தான். சாயங்காலத்திலும் தோசைக்கல் ஆறினதுபோல வெதுவெதுப்பாக இருக்கும். பக்கத்துச் சரிவுகளில் புதர் மண்டிக் கிடக்கும் அடுக்குகளையும் பார்ப்பீர்கள். அந்தச் செங்குத்தில் குனிந்து வேலை செய்ய ஆள் கிடைக்காமல் கைவிட்டவை. சுவர் சரிந்த அடுக்குகளைப் பார்க்கும்போது எனக்குக் கோட்டை இடிபாடுகளைவிட மனம் கனத்தது.

ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆற்றைக் கண்டால் இறங்கிக் கால் நனைப்பது நம் பழக்கம். அங்கே வேண்டாம். பெரிய கப்பல் கடக்கும்போது கரைத் தண்ணீர் முதலில் உள்வாங்கும், பிறகு ஒரேயடியாகத் திரும்பி வரும். நீரோட்டமும் பலமானது. கோடையில் அதில் உயிர்கள் போகின்றன. பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மே மாதம் வெள்ளை அஸ்பாரகஸ் காலம். உருளைக்கிழங்கும் வெண்ணெயும் சேர்த்துத் தருவார்கள், சைவக்காரர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது. ரயில் தடத்தில் வேலை நடக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

போய்வந்து எழுதுங்கள். காவ்பில் அன்றைக்கு எண் என்ன காட்டியது என்பதையும் பையனைக் கேட்டு எழுதுங்கள்.