போனைக் கேட்டால் கொடுக்கணுமா?

கேள்வி: போலீஸ் கேட்டால் பாஸ்வேர்டைச் சொல்லியே ஆக வேண்டுமா?

எந்த நாட்டுப் போலீஸ்? அதை எழுதாமல் சட்டம் மட்டும் கேட்டால் எப்படி? பிரிட்டனில் 2000-ம் ஆண்டுச் சட்டப்படி முறையான நோட்டீஸ் வந்தும் மறுத்தால் 2 ஆண்டு வரை சிறை. தேசப் பாதுகாப்பு வழக்கென்றால் 5 வரை. அமெரிக்காவில் தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லத் தேவையில்லை என்று மறுப்பவர்கள் உண்டு. நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை.

கேள்வி: கைரேகைப் பூட்டா, நம்பர் பூட்டா?

நம்பர். ஆறு இலக்கத்துக்குக் குறையாமல். கைரேகையை விட மனமில்லை என்றால், சிக்கல் வரும் இடத்துக்குப் போகுமுன் போனை அணைத்துவிடுங்கள். மறுபடி போட்டதும் முதல் முறை நம்பர்தான் கேட்கும்.

கேள்வி: விசாரணைக்கு அழைப்பு வந்திருக்கிறது. பழைய சாட்டுகளை அழித்துவிடலாமா?

கூடாது. அழித்ததே தனி வழக்காகிவிடும். இன்றே வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: வண்டியை நிறுத்திய போலீஸ்காரர், "சும்மா போனைக் காட்டுங்க" என்றார். தப்பு செய்யவில்லையே என்று திறந்து கொடுத்தேன். வாரண்ட் இல்லாததால் அந்தச் சோதனை செல்லாதுதானே?

பெயர் மட்டும் மாறி இதே கடிதம் வந்துகொண்டேயிருக்கிறது. ஐயா, திறந்து கொடுத்தது நீங்கள். அதற்குச் சம்மதம் என்று பெயர். (இவரும் நாட்டை எழுதவில்லை.) கைதானவரின் பையில் இருந்த போனாகவே இருந்தாலும், உள்ளே பார்க்க வாரண்ட் வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-ல் ரைலி வழக்கில் ஒருமனதாகச் சொன்னது. இந்தியாவில் 2017-ல் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். நீங்கள் "சரி சார், பாருங்க" என்றதும் அதையெல்லாம் பிடித்துக்கொண்டு வாதாட இடம் குறுகிவிடுகிறது. மிரட்டித்தான் வாங்கினார்கள் என்று பிறகு சொல்லலாம், சாட்சி யார்? தவிர, அந்தப் போனில் இருப்பது உங்கள் சமாச்சாரம் மட்டுமா? அக்காவின் மருத்துவ ரிப்போர்ட், நண்பன் நம்பி அனுப்பிய புலம்பல் எல்லாம் இருக்கிறது. அவர்கள் யாரும் சம்மதிக்கவில்லையே. "எனக்குச் சம்மதமில்லை, உத்தரவு இருந்தால் காட்டுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பிடுங்கினால் மல்லுக்கு நிற்காதீர்கள். நேரம், அதிகாரி பெயர் இரண்டையும் குறித்துக்கொண்டு, எடுத்ததற்கு ரசீது கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: லொகேஷனை ஆஃப் செய்துவிட்டேன். இனி யாரும் பின்தொடர முடியாது, சரியா?

தவறு. போன் உயிரோடிருக்கும்வரை டவரோடு பேசும். அந்தப் பதிவு கம்பெனியிடம் இருக்கும். அமெரிக்காவில் கார்ப்பென்டர் என்பவருடைய 127 நாள் நடமாட்டம், ஏறத்தாழ 13,000 புள்ளிகளாகப் போலீஸ் கைக்கு அப்படித்தான் போனது. இதற்கும் பொதுவாக வாரண்ட் வேண்டும் என்று 2018-ல் தீர்ப்பானது, 5-க்கு 4 என்ற கணக்கில்.

கேள்வி: என் மெசேஜ் ஆப்பில் என்ட்-டு-என்ட் என்கிரிப்ஷன் இருக்கிறது. போதாதா?

வழியில் யாரும் படிக்க முடியாது, அவ்வளவுதான். எதிராளியின் போனில் அது திறந்தேதான் கிடக்கும். கிளவுட் பேக்கப், அதாவது இணையத்தில் சேமித்து வைக்கும் நகல், அதைத் திறக்கும் சாவி யாரிடம் என்று செட்டிங்ஸில் பாருங்கள். யாரோடு, எப்போது பேசினீர்கள் என்ற விவரம் வேறு கதை.

"சரியான பாஸ்வேர்டா பாருங்கள்" என்று தன்னுடையதையே எழுதி அனுப்பியவருக்கு: இல்லை. இப்போதே மாற்றுங்கள், புதியதை எனக்கு அனுப்பாதீர்கள்.