புள்ளிக்குப் பின்னால் ஒரு வால்: வாசகர் கேள்விகள்

கேள்வி: போன வருடம் தள்ளுபடியில் டாட் எக்ஸ்ஒய்இசட், டாட் ஷாப், டாட் ஆன்லைன் என்று 38 டொமைன் (இணைய முகவரிப் பெயர்) வாங்கிப் போட்டேன், பிறகு விற்றுக்கொள்ளலாம் என்று. அதில் 'பெஸ்ட்' என்று தொடங்கி 'டர்மெரிக்' (மஞ்சள்) என்று முடியும் டாட் ஆன்லைன் பெயருக்கு ஒரு மதிப்பீட்டுக் கருவி 2,400 டாலர் காட்டுகிறது. இப்போது புதுப்பிக்கச் சொல்லி மெயில் வருகிறது. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: அந்த 2,400 டாலரை முதலில் மறந்துவிடுங்கள். கருவிக்குத் தெரிந்தது சொல் மட்டும்தான். அந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள், அதை ஒட்டிய பெயர்கள் என்ன விலைக்குப் போயின என்று பார்த்து ஒரு எண்ணைத் துப்பும். உங்கள் பெயருக்குக் காசு கொடுக்க ஒரு ஆள் இருக்கிறாரா என்று அதற்கு எப்படித் தெரியும்? நேம்பயோ என்ற தளத்தில் நடந்து முடிந்த விற்பனைகள் கிடைக்கும். அங்கே உங்கள் வாலை, அதாவது புள்ளிக்குப் பின்னால் வரும் 'ஆன்லைன்', 'ஷாப்' போன்ற பகுதியை, மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஒருவர் கேட்கிற விலை வேறு, கைமாறிய விலை வேறு.

அப்புறம் ஆட்களை எண்ணுங்கள். அதே பெயரை டாட் காம், டாட் இன், டாட் நெட் என்று ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். நாலைந்து இடத்தில் உண்மையான கடைகள் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பெயருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம், அவர்களில் ஒருவர் நாளை உங்களைத் தேடி வரலாம். டாட் காமிலேயே 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கி, விலை 800 டாலர் என்று போட்டிருந்தால்? உங்கள் டாட் ஆன்லைனுக்கு அதுதான் உச்சவரம்பு, நடைமுறையில் அதில் பத்தில் ஒரு பங்கு கிடைப்பதே கஷ்டம். பெயரையே யாரும் எந்த வாலிலும் பதிவு செய்யவில்லை என்றால் இன்னும் சுலபம், விட்டுவிடலாம்.

நானும் இதில் சூடு பட்டவன்தான். 2014-ல் டாட் குரு வந்த புதிதில் ஏழு பெயர் வாங்கினேன், எல்லாம் ஜோராகத்தான் இருந்தன. மூன்று வருடம் புதுப்பித்தேன். அத்தனை காலத்தில் 'வாங்க விருப்பம்' என்று ஒரே ஒரு மெயில் வந்தது, நல்ல விலைதான் சொன்னார்கள், ஆனால் அதற்கு முன்னால் நான் ஒரு குறிப்பிட்ட தளத்தில் காசு கட்டி மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். (உங்களுக்கும் இப்படி வரும். குப்பையில் போடுங்கள்.)

டொமைன் பட்டா நிலம் கிடையாது, வருடக் குத்தகை. இதை வாங்குகிறபோது யாரும் நினைப்பதில்லை. முதல் வருடம் 99 ரூபாய்க்குக் கொடுத்தவர்கள் இரண்டாம் வருடம் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். சராசரி 2,000 என்று வைத்தாலும் உங்கள் 38 பெயருக்கு வருடம் 76,000 ரூபாய். டாட் காமின் மொத்த வியாபார விலைக்கு ஒப்பந்தப்படி ஒரு வரம்பு உண்டு, புதிய வால்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 2017-ல் புதிய வால்களை நடத்திய யூனிரெஜிஸ்ட்ரி நிறுவனம் தன்னிடமிருந்த சில வால்களின் விலையைப் பல மடங்கு ஏற்றியபோது வைத்திருந்தவர்கள் திணறிப்போனார்கள். நூறு நல்ல டாட் காம் வைத்திருப்பவருக்கே வருடத்துக்கு ஒன்றிரண்டு விற்றால் சரி என்பதுதான் இந்தத் தொழிலில் புழங்கும் கணக்கு.

அப்படியானால் மாற்று வால்களில் எதுவுமே விற்காதா என்றால், விற்கும். 2018-ல் 'வெக்கேஷன் டாட் ரென்டல்ஸ்' 5,00,300 டாலருக்குப் போனது, 'ஹோம் டாட் லோன்ஸ்' 5 லட்சம் டாலருக்கு. இவற்றில் புள்ளியை எடுத்துவிட்டுப் படியுங்கள், ஜனங்கள் வாயில் தினமும் வருகிற ஒரே சொற்றொடர். வால் அங்கே ஒட்டு இல்லை, பெயரில் பாதியே அதுதான். உங்கள் மஞ்சளுக்கும் 'ஆன்லைன்' என்பதற்கும் அப்படி என்ன உறவு? டாட் ஷாப்பில் இருப்பவற்றில் ஒரே பொருளின் பெயர், ஒரே சொல்லாக இருந்தால் அதை மட்டும் ஒரு வருடம் வைத்துப் பாருங்கள், மீதியை விடுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. பெயரைப் போனில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். 'கடைசியில் டாட் காம்தானே?' என்று அவர் கேட்டால் விலையில் பாதி போச்சு. அமெரிக்காவின் ஓவர்ஸ்டாக் நிறுவனம் 2010-ல் 'ஓ டாட் கோ' என்ற பெயரை 3,50,000 டாலர் கொடுத்து வாங்கி, அடுத்த வருடம் அந்தப் பெயருக்கே மாறிப் பார்த்தது. ஜனங்கள் 'ஓ டாட் காம்' என்றே அடித்தார்கள். இத்தனைக்கும் அப்படி ஒரு முகவரியே கிடையாது! சில மாதத்தில் பழைய பெயருக்கே திரும்பினார்கள்.

கேள்வி: டாட் ஏஐ, டாட் ஐஓ இரண்டில் எதில் முதலீடு செய்யலாம்?
(வாசகர், கோவை)

பதில்: இரண்டுமே நாட்டுக் குறியீடுகள் என்பதை மனதில் வையுங்கள். டாட் ஏஐ, கரீபியன் கடலில் இருக்கும் அங்குவிலா தீவுக்குச் சொந்தம். மொத்த ஜனத்தொகை நம் ஊர் ஒரு பேரூராட்சி அளவுதான், ஆனால் 2023-ல் அந்த அரசின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த வாலிலிருந்து வந்தது. வாங்குகிற ஆட்கள் அங்கே நிஜமாகவே இருக்கிறார்கள், முதலீட்டாளர் காசோடு வருகிற கம்பெனிகள். 'யூ டாட் ஏஐ' 2023-ல் 7 லட்சம் டாலருக்கு விற்றது. ஆனால் குறைந்தது இரண்டு வருடத்துக்குச் சேர்த்துத்தான் பதிவு செய்ய முடியும், நல்ல ஒற்றைச் சொற்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன, மிச்சம் இருப்பதை இன்று வாங்குகிறவர் வரிசையின் கடைசியில் நிற்கிறார்.

டாட் ஐஓ பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதியின் குறியீடு. அந்தப் பகுதியான சாகோஸ் தீவுகளை மொரிஷியஸிடம் ஒப்படைக்கப் போவதாக 2024 அக்டோபரில் பிரிட்டன் அறிவித்ததிலிருந்து ஒரு கேள்விக்குறி தொங்குகிறது. நாடு போனால் குறியீடும் போகலாம், யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010-ல் அப்படித்தான் மூடப்பட்டது. நாளைக்கே மூடிவிடுவார்கள் என்று நான் பயப்படவில்லை, ஆனால் பத்து வருடம் வைத்திருந்து விற்கிற கணக்கில் வாங்க மாட்டேன்.

கேள்வி: தமிழில் 'டாட் இந்தியா' பெயர்கள் நிறையக் காலியாக இருக்கின்றனவே, வாங்கி வைக்கலாமா?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றுக்கும் தமிழ் எழுத்திலேயே வால் உண்டு. எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சில சமயம் 'எக்ஸ்என்' என்று தொடங்கி இரண்டு கோடு போட்டு ஒரு ரகசியக் குறியீடு மாதிரி வந்து நிற்கும், அந்தப் பெயரில் மெயில் முகவரி வைத்தால் பல விண்ணப்பப் படிவங்கள் ஏற்காது. உங்கள் கடைக்கோ பத்திரிகைக்கோ ஒன்று வாங்குங்கள், தாராளமாக. விற்பதற்கென்று வேண்டாம்.

கேள்வி: பிரபல நகைக்கடை ஒன்றின் பெயரை டாட் ஷாப்பில் என் நண்பர் பிடித்துவிட்டார். அவர்களுக்கே மெயில் போட்டு விலை கேட்கலாம் என்கிறார். எவ்வளவு கேட்கலாம்?
(வாசகர், மதுரை)

பதில்: ஒரு ரூபாய் கூட வேண்டாம். வணிகமுத்திரை உள்ள பெயரைப் பிடித்துவைத்து உரியவரிடமே விலை பேசினால், அந்த மெயில்தான் கெட்ட நோக்கத்துக்கு முதல் சாட்சி. 1999-லிருந்து இதற்கென்றே யூடிஆர்பி என்ற தீர்வுமுறை இருக்கிறது, பெயர் கைவிட்டுப் போகும், காசும் வராது. மெயிலை அனுப்பிவிட்டாரா, இல்லையா?