டீம் லீடா ஆக்கியாச்சு, ஆனா எல்லாத்துக்கும் என்கிட்டயே வந்து நிக்கிறாங்க

கேள்வி: நல்லா வேலை பாத்த ஒரு பொண்ண டீம் லீடா ஆக்கி நாலு மாசம் ஆச்சு. சின்ன விஷயத்துக்கும் "என்ன பண்ணட்டும் சார்"னு வந்து நிக்கிறாங்க, கணக்குன்னாலே பயம். பாராட்டிட்டேதான் இருக்கேன், ஒண்ணும் மாறல.

பதில்: பாராட்டுங்க, வேணாங்கல, ஆனா அது மட்டும் பத்தாது. ஆல்பர்ட் பண்டூராங்கிற உளவியலாளர் 1977லயே "நம்மால முடியும்"ங்கிற நம்பிக்கை எங்கருந்து வருதுன்னு நாலு வழி சொல்லிருக்காரு, அதுல ரொம்ப பலமானது தானே ஒரு வேலைய செஞ்சு முடிச்ச அனுபவம்தான். அடுத்தவங்க சொல்ற நல்ல வார்த்தைக்கு அவ்ளோ பலம் இல்ல.

அவங்க வந்து கேட்டதும் நீங்க டக்குனு பதில் சொல்லிடுறீங்கல்ல? அங்கதான் சிக்கலே. "நீங்க என்ன பண்ணலாம்னு நினைக்கிறீங்க"ன்னு திருப்பிக் கேளுங்க, முதல்ல முழிப்பாங்க, பரவால்ல. அப்புறம் ஒரு எல்லை சொல்லிடுங்க, இவ்ளோ தொகை வரைக்கும், லீவு, யாருக்கு எந்த வேலைங்கிறதெல்லாம் உங்க முடிவு, எனக்கு அப்புறமா சொன்னா போதும்னு. சொல்லிட்டு டீம் முன்னாடி அந்த முடிவ மாத்திடாதீங்க. நான் ஒரு தடவ அப்படி ஒருத்தரோட லீவு லிஸ்ட்ட எல்லார் முன்னாடியும் மாத்திட்டேன், மறுநாள்லருந்து மொத்த டீமும் அவர விட்டுட்டு என் டேபிளுக்கே வர ஆரம்பிச்சிருச்சு, சரி பண்ண பல மாசம் ஆச்சு.

கணக்குக்கு வருவோம். மொத்த லாப நட்ட ஷீட்டையும் தூக்கிக் கொடுத்தா யாருக்குத்தான் பயம் வராது? ஒரே ஒரு கணக்குல ஆரம்பிங்க. 100க்கு விக்கிற பொருளுக்கு அடக்கம் 70, நிக்கிறது 30. கஸ்டமருக்கு 10% தள்ளுபடி கொடுத்தா 20தான் நிக்கும், பழைய லாபம் வரணும்னா ஒன்றரை மடங்கு விக்கணும். 20% கொடுத்தீங்கன்னா 10தான், மூணு மடங்கு விக்கணும்! இத நீங்க போட்டுக் காட்டாதீங்க, அவங்க டீம் விக்கிற பொருளுக்கு அவங்களே போட்டுப் பாக்கட்டும், அடுத்த தடவ கஸ்டமர் தள்ளுபடி கேட்டா உங்களப் பாக்காம அவங்களே பேசுவாங்க. பில் போட்ட தேதிக்கும் காசு கைக்கு வர்ற தேதிக்கும் உள்ள இடைவெளியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

கஸ்டமர் மீட்டிங்க்கு முதல் ரெண்டு தடவ நீங்க பேசுங்க, அவங்க பாக்கட்டும். மூணாவது தடவ அவங்க பேசட்டும், நீங்க வாய மூடிட்டு உக்காருங்க (இதுதான் நமக்கு ரொம்ப கஷ்டம்).

இன்னொண்ணு, இந்த பொறுப்பு அவங்க விரும்பி எடுத்ததா, இல்ல உங்ககிட்ட மறுக்க முடியாம எடுத்ததா? தனியா உக்காந்து கேட்டுப் பாத்துருங்க, ரெண்டாவதுன்னா மேல சொன்னது எதையும் ஆரம்பிக்காதீங்க.