தலைக்கட்டுக் கணக்கில் வராத வீடுகள்

வணக்கம் ஐயா,

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலையொட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் எங்கள் பக்கத்து ஊரில் நிறைய வீடுகளைக் கொண்டுபோனது. நண்பர்கள் பத்துப் பேர் பணம் திரட்டிக் கூரை போட்டுத் தர இறங்கினோம். ஊர்ப் பெரியவர்கள் பட்டியல் கொடுத்தார்கள். அதில் காலனியும் இல்லை, ஏரிக்கரை இருளர் வீடுகளும் இல்லை. கேட்டால், "அவங்களுக்குப் பட்டா இல்ல தம்பி, கவர்மென்ட் பாத்துக்கும்" என்றார்கள். எங்களில் ஒருவர், "உதவியில் சாதியை இழுக்காதே, எல்லாருக்கும் சமமாகக் கொடுத்துவிட்டுப் போவோம்" என்கிறார். இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள தம்பி,

பட்டியல் போட்டபோதே சாதி அதில் வந்து உட்கார்ந்துவிட்டது. நீங்கள் புதிதாக இழுக்க ஒன்றுமில்லை.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்தது. அடுத்த மாதம் பண்ருட்டிப் பக்கம் ஒரு ஊருக்குப் போயிருந்தேன். முந்திரித் தோப்பு முழுக்க வேரோடு சாய்ந்து கிடந்தது. தோப்புக்காரர் சிட்டா, அடங்கல் நகல்களோடு அலைந்துகொண்டிருந்தார். அவர் நஷ்டமும் நிஜம்தான். கன்று வைத்தால் காசு பார்க்க நாலைந்து வருஷம் ஆகும். ஆனால் அந்தத் தோப்பை வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து முன்பணமும் கொடுத்திருந்தவரிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அவர் மனைவி கொட்டை உடைக்கிறவர். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு கட்டையால் தட்டிப் பருப்பெடுப்பார். ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே தெரியவில்லை. "பேங்க்ல கைநாட்டு வச்சா மை மட்டும்தாங்க விழுது" என்று சிரித்தார். மரத்துக்குக் கொடுத்த நிவாரணம் மரம் யார் பெயரில் இருந்ததோ அவர் வீட்டுக்குப் போனது.

ஃபெஞ்சலிலும் பார்த்திருப்பீர்களே. அதே வெள்ளம்தான், புதுச்சேரி அரசு ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் அறிவித்தது, நம் பக்கம் 2,000. ஆற்றின் இக்கரையா அக்கரையா என்பதில் 3,000 ரூபாய். கார்டே இல்லாதவனுக்கு இரண்டு கரையும் ஒன்றுதான்.

கடற்கரைக் குப்பங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு ஊர்ப் பஞ்சாயத்துகள் இருந்ததால்தான் பல இடங்களில் சாமான்கள் அடிதடி இல்லாமல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு தலைக்கட்டு வரிக் கணக்கு. வரி கட்டும் ஆம்பளைதான் தலைக்கட்டு. புருஷனைக் கடலுக்குக் கொடுத்த பெண் சில ஊர்களில் அரைப் பங்கு, சில ஊர்களில் அதுவும் இல்லை. சுனாமி வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதச் சொல்லி 2005இல் அரசாணை வந்தது. பட்டியலை மாற்ற முடியும் என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் நண்பருக்கு. அரசாங்கம் காகிதம் இல்லாமல் காசு தராது. வீட்டுத் திட்டம் என்றால் முதலில் பட்டா எங்கே என்பார்கள். உங்கள் பணத்துக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. பட்டா உள்ளவருக்கு இன்றில்லாவிட்டாலும் நாளைக்கு ஏதோ ஒரு திட்டம் வரும். ஏரிக்கரையில் இருப்பவருக்கு நீங்கள் பத்துப் பேர்தான். கையிருப்பு எல்லாருக்கும் போதாதென்றால் அங்கிருந்து ஆரம்பியுங்கள். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு தார்ப்பாய் வரும், அது அடுத்த ஐப்பசி மழைக்குத் தாங்காது.

பெரியவர்களோடு முறைத்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நாள் பொழுது சாய்ந்தபின் நீங்களே நடந்து போங்கள். பகலில் போனால் கூலிக்குப் போனவர் வீடு பூட்டியிருக்கும், ஆளில்லை என்று எழுதிவிட்டு வந்துவிடுவீர்கள்.

புறம்போக்கில் செங்கல் சுவர் எழுப்பிவிடாதீர்கள். நாளைக்குக் காலி பண்ணச் சொன்னால் எல்லாம் போகும். கழற்றி எடுத்துப்போகிற மாதிரி இரும்புக் குழாயும் தகரமும் போதும். கூடவே மனைப்பட்டாவுக்கு மனு எழுதிக் கொடுங்கள். இருளர்களுக்குச் சாதிச் சான்றிதழும் வேண்டியிருக்கும், அதைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும். ஒரு நடையில் முடியாது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும். அந்தக் கூலியையும் பஸ் காசையும் தகரக் கணக்கோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.