சென்னையிலேயே எடுக்கும் பறவைப் படங்களை எடிட்டிங்கில் நன்றாக்குவது எப்படி? எந்த சாஃப்ட்வேர் நல்லது?

முதுமலைக்கும் கபினிக்கும் போக வசதியில்லை, சென்னைக்குள் எடுக்கிற பறவைப் படங்கள் சப்பென்று இருக்கின்றன, எந்த சாஃப்ட்வேரில் போட்டால் பளிச்சென்று வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் சாதாரண கேமரா ஒன்றும் 70-300 லென்ஸும் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். என்னிடமும் அதுதான் இருக்கிறது. அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

சாஃப்ட்வேர் கேள்விக்குப் பதில் சின்னது. கணினியில் டார்க்டேபிள், போனில் ஸ்னாப்சீட். இரண்டும் இலவசம், இரண்டும் போதும். ஆனால் ரா ஃபைலாக எடுங்கள், அதாவது கேமரா சுருக்காமல் சென்சாரில் பதிந்தபடியே தரும் ஃபைல். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான்; 14 பிட் ராவில் 16,384. கொக்கின் இறகு வெயிலில் வெளுத்துப்போனால் ஜேபெக்கிலிருந்து மீட்க ஒன்றும் இருக்காது. ராவில் ஓரளவுக்கு இருக்கும். அதுவும் ஓரளவுக்குத்தான்; வெள்ளைப் பறவை என்றால் எடுக்கும்போதே எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்துவிடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்).

நான் திருவொற்றியூர். பதினோரு வருடமாகக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்வதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணூர் கழிமுகம். "அங்க என்ன இருக்கு, புகையும் சாம்பலும்தானே" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கூழைக்கடா இருக்கிறது, நெடுங்கால் உள்ளான் இருக்கிறது, மஞ்சள்மூக்கு நாரை, ஆலா, செம்பருந்து எல்லாம் இருக்கின்றன. குளிர்காலத்தில் பூநாரையும் வரும். மின்நிலையத்தின் புகைபோக்கிகளுக்குக் கீழே, அந்தச் சேற்றில்தான் அவை மேய்கின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கழிமுகத்துக்குள் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வலை, படகு, அலையாத்தி வேர் எல்லாவற்றிலும் கறுப்பாகப் படிந்தது. கூழைக்கடாக்கள் நெஞ்சில் எண்ணெயோடு உட்கார்ந்திருந்தன. அந்த மாதம் நடுவில் ஒரு ஞாயிறு, எனக்குப் பழக்கமான படகுக்கார அண்ணன் ஒருவர், "சத்தம் போடாம வா தம்பி, கிட்டக்கவே ஒண்ணு குந்தினு இருக்கு" என்று கூட்டிப்போனார்.

முதலில் நின்றபடியே எடுத்தேன். நீங்களும் அப்படித்தான் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன், சப்பென்று வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான். நின்று எடுத்தால் பறவைக்குப் பின்னால் சேறுதான் விழும், பறவையும் சேற்று நிறத்திலேயே அமுங்கிவிடும். அப்புறம் மணலில் குப்புறப் படுத்தேன். லென்ஸ் பறவையின் கண் மட்டத்துக்கு வந்ததும் பின்னணி ஒரேயடியாகத் தள்ளிப்போனது. மேல் அலகின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் நீலப் புள்ளிகளைத் தனித்தனியாக எண்ணலாம் போல இருந்தது. அலகு நுனியின் கொக்கியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் ஒரு புகைபோக்கி சரியாக அதன் தலையிலிருந்து முளைத்தது போல நின்றது. முழங்கையாலேயே நகர்ந்து இரண்டடி இடப்பக்கம் போனேன். புகைபோக்கி விலகி, அலகுக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் வந்து நின்றது. பறவை பார்க்கிற பக்கம் இடம் விட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 11 வைத்தேன். பின்னால் நிற்பது புகைபோக்கி என்று தெரிய வேண்டும், ஆனால் கண்ணை இழுக்கக் கூடாது. இந்த இரண்டடியை எந்த சாஃப்ட்வேரும் வீட்டில் உட்கார்ந்து உங்களுக்குத் தராது. எட்டரை மணிக்கு மேல் எடுக்கவும் வேண்டாம். சேறு சூடாகி, காற்று கானல் போல நெளியும். அந்தக் கலங்கலை எவ்வளவு ஷார்ப் செய்தாலும் போகாது.

வீட்டுக்கு வந்து செய்ததெல்லாம் சாதாரண வேலைதான். மேகமூட்டத்தில் ஏறியிருந்த நீலத்தை ஒயிட் பேலன்ஸில் கொஞ்சம் இறக்கினேன். முகத்தில் மட்டும் பிரஷ் போட்டுக் கால் ஸ்டாப் ஏற்றினேன். பறவைக்கு மட்டும் ஷார்ப், பின்னணிக்கு மட்டும் நாய்ஸ் குறைப்பு. 24 மெகாபிக்சல் படத்தை இரண்டு பக்கமும் பாதியாக கிராப் செய்தால் ஆறு மெகாபிக்சல் மிஞ்சும். எட்டுக்குப் பன்னிரண்டு பிரின்ட் தாங்கும், அதற்கு மேல் வெட்டாதீர்கள். நிறத்தை ஏற்றுவதிலும் கை அடக்கமாக இருக்கட்டும். பூநாரை படத்தில் சேச்சுரேஷனை ஏற்றினால் சிவப்பு சேனல் முதலில் நிரம்பிவிடும், சிறகு இறகாகத் தெரியாமல் பெயின்ட் அடித்த தகடு போல ஆகிவிடும்.

இதுவரை சரி. அதற்கப்புறம் நான் செய்தது தப்பு. ஹீலிங் பிரஷை எடுத்து நெஞ்சில் இருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்துவிட்டேன். யோசித்துக்கூடச் செய்யவில்லை. பதினோரு வருடமாகப் பருவையும் மச்சத்தையும் எடுத்துப் பழகிய கை அது. பத்தே நிமிடத்தில் நெஞ்சு சுத்தமாகிவிட்டது. படம் அழகாக இருந்தது. ஒரு போட்டிக்கும் அனுப்பினேன்.

பொங்கலுக்கு அண்ணனுக்கு ஒரு பிரின்ட் கொண்டுபோனேன். அவர் படகு கரையில் ஏற்றி வைத்தபடியே கிடந்தது, பக்கவாட்டில் தார் இழுத்தது போல ஒரு கோடு. படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது அன்னிக்கு நாம பாத்ததுதானா?"

"ஆமாண்ணா, நான் படுத்துனு எடுத்தேனே."

பறவையின் நெஞ்சில் விரலை வைத்தார். "இங்க இருந்துச்சே."

"அத எடுத்துட்டேன்ணா. நல்லா இல்ல."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிரின்டை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அண்ணியைக் கூப்பிட்டு எனக்குப் பொங்கல் கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

போட்டிக்காரர்கள் அடுத்த மாதம் ரா ஃபைல் கேட்டார்கள். அனுப்பினேன், நீக்கிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியிலேயே பரிசு வாங்கிய எறும்புத்தின்னிப் படம் ஒன்றை, அதில் இருப்பது பாடம் செய்த விலங்கு என்று 2018-ல் தகுதிநீக்கம் செய்தார்கள். பார்க்கிறவர் நம்பிப் பார்க்கிறார். அந்த நம்பிக்கையில் கை வைத்தால் இதுதான் நடக்கும்.

உடனே சிலர் வந்து, "அப்போ எடிட்டிங்கே கூடாதா, வெளிச்சத்தை மாற்றுவதும் பொய்தானே" என்று எழுதுவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. காட்டுயிர்ப் படங்கள் எடுத்த மா. கிருஷ்ணன் யானைகளைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். நிறமே இல்லாத அந்தப் படங்களை யார் பொய் என்பார்கள்? யானை அங்கே நின்றது, அப்படித்தான் நின்றது. வெளிச்சம், நிறம், கிராப் எல்லாம் நீங்கள் பார்த்ததை மற்றவருக்கும் தெரியவைக்கும் வேலை. பறவையின் உடம்பில் இருந்ததை எடுப்பது வேறு வேலை. சென்சார் தூசியை எடுங்கள், அது உங்கள் கேமராவுடையது. குறுக்கே போகும் மின்கம்பியை எடுப்பீர்களா என்று கேட்டால், நான் எடுக்க மாட்டேன். பறவை அதில்தான் அடிபடுகிறது.

கேள்விக்கு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். "பொண்ணைக் கொஞ்சம் கலராக் காட்டுங்க" என்று பெண் வீட்டாரே வந்து கேட்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஸ்டுடியோவில் கேட்காமலேயே இரண்டு படி வெளுக்க ஒரு செட்டிங் வைத்திருந்தார்கள். போடவில்லை என்றால் ஆல்பம் திரும்பி வரும், திரும்பச் செய்கிற வேலைக்குக் கூலி கிடையாது. ஒரே பக்கத்தில் அம்மா மாநிறம், தங்கை மாநிறம், மணப்பெண் மட்டும் யாரோ போல நிற்பாள். எத்தனை வீட்டு அலமாரியில் அந்த ஆல்பங்கள் இருக்கின்றனவோ தெரியவில்லை. இப்போது தனியாக ஆர்டர் எடுக்கிறேன், அந்த செட்டிங் என் கணினியில் இல்லை. இதனால் இரண்டு மூன்று ஆர்டர் போயிருக்கிறது, போகட்டும்.

கூழைக்கடா படத்தை ரா ஃபைலிலிருந்து மறுபடி செய்தேன். இந்த முறை கறையின் மேல் கூடுதலாக ஒரு வேலை பார்த்தேன். நிழலில் அமுங்கியிருந்த இடத்தைக் கொஞ்சம் தூக்கியதும், எண்ணெயில் ஒட்டிக்கொண்ட இறகுகள் கற்றை கற்றையாகப் பிரிந்து தெரிந்தன. முதலில் எடிட் செய்தபோது அதை நான் கவனிக்கவே இல்லை.

அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நிவாரண மனுவோடு வைக்க மூன்று காப்பி கேட்டார். எட்டுக்குப் பன்னிரண்டில் போட்டுக் கொடுத்தேன். படத்துக்குக் கீழே தேதி, நேரம், இடம் மூன்றையும் பெரிய எழுத்தில் போடச் சொன்னார், போட்டேன்.