கணக்கு இடிக்கும்போது

அன்புள்ள ஐயா,

நான் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்களுக்கு ஃபைனான்சியல் அக்கவுண்டிங் எடுக்கும் மேடம் மிகவும் கண்டிப்பானவர். ரப்பர் தொடக்கூடாது, தப்பானால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். ஒர்க்கிங் நோட் (தொகை வந்த வழியைக் காட்டும் குறிப்பு) இல்லாத விடையைத் திருத்தவே மாட்டார். டேலி சாஃப்ட்வேர் வந்துவிட்ட காலத்தில் பேரேட்டை (லெட்ஜர்) கையால் எழுதவைக்கிறார். வகுப்பில் பாதிப் பேருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. நாலைந்து பேர் மட்டும் அவரைப் போல டீச்சர் கிடைக்கமாட்டார் என்கிறார்கள்.

மாதிரித் தேர்வில் இறுதிக் கணக்கு போட்டபோது ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) பொறுப்புப் பக்கம் சொத்துப் பக்கத்தைவிட 1,800 ரூபாய் கூடுதலாக நின்றது. நேரம் இல்லை. சில்லறைச் செலவை அழித்து 1,800 ஏற்றி எழுதினேன், இரண்டு பக்கமும் சமமாகி டேலி ஆகிவிட்டது. எல்லோரும் செய்வதுதான். எனக்கு 15க்கு 4. டேலி ஆகாமல், ‘வித்தியாசம் உள்ளது’ என்று எழுதிவைத்த நண்பனுக்கு 9! ஏன் என்று கேட்டதற்கு, “உனக்கெல்லாம் எதுக்கு பி.காம்.?” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பருவ முடிவில் கல்லூரி கொடுத்த கருத்துப் படிவத்தில் அவருக்கு எல்லாக் கேள்விக்கும் மிகக் குறைந்த மதிப்பீட்டைப் போட்டேன். அன்றிலிருந்து மனது சரியில்லை. அப்பா பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அவரிடம் இதைச் சொல்ல முடியவில்லை. நான் செய்தது தவறா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டே வெளியிடுகிறேன். இந்தக் கருத்துப் படிவங்களைப் பற்றிச் சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கும் தோழி ஒருவர், மதிப்பீடு குறைந்ததால் இந்த ஆண்டு பெரிய கணக்குகளைக் குறைத்துவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அவர் வகுப்புப் பிள்ளைகள் எதை இழந்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிய இன்னும் இரண்டு வருடமாவது ஆகும்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்காட் காரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2010ல் வெளியிட்ட ஆய்வு அது. களம் அமெரிக்க விமானப்படைக் கல்லூரி. அங்கே எந்த மாணவன் எந்த ஆசிரியரிடம் போவான் என்பதை அவன் தேர்ந்தெடுக்க முடியாது; தேர்வும் எல்லாருக்கும் ஒன்றே. நுண்கணிதத்தின் முதல் பாடத்தில் மதிப்பெண்ணை உயர்த்திக் காட்டி, மாணவர்களிடம் நல்ல பெயரும் வாங்கிய ஆசிரியர்களின் பிள்ளைகள், அடுத்தடுத்த பாடங்களில் பின்தங்கினார்கள். அனுபவம் மிகுந்த, அந்த நேரத்தில் அவ்வளவாகப் பிடிக்காமல் போன ஆசிரியர்களின் பிள்ளைகள் அங்கே முன்னால் வந்தார்கள். படிவத்தை நிரப்பும் நாளில் இது எவனுக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அதற்காக மாணவர் வாயைத் திறக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வகுப்புக்கே வராத ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நீங்கள் எழுதாவிட்டால் யார் எழுதுவது?

சரி, 1,800 ரூபாய்க்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அதுதான். ‘எல்லோரும் செய்வதுதான்’ என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! தம்பி, நீங்கள் போட்டது தப்புக் கணக்கு அல்ல, பொய்க் கணக்கு. வினாத்தாளில் அச்சடித்திருந்த ஒரு செலவை, நடக்காத செலவாக, உங்கள் வசதிக்கு ஏற்றினீர்கள். உங்கள் நண்பன் எங்கே பிழை என்று தெரியாமல் நின்றான், தெரியவில்லை என்று எழுதினான். அவன் விடையை இன்னொருவர் கையில் வாங்கி மேலே தேடலாம். உங்கள் விடையில் தேடுவதற்கு இடமே இல்லாமல் அடைத்துவிட்டீர்கள். 4 கொடுத்ததே அதிகம்.

எழுத வருவதற்கு முன் மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தேன். அங்கே ஒரு தலைமைக் குமாஸ்தா. பள்ளிப் படிப்புக்கு மேல் இல்லாதவர், பி.காம். முடித்துவந்த எங்களையெல்லாம் வேலை வாங்கினார். இருப்பாய்வு, அதாவது பற்றையும் வரவையும் தனித்தனியாகக் கூட்டிச் சரிபார்க்கும் பட்டியல், பொருந்தாமல் இடித்தால் அவர் சொல்லும் முறை இது: முதலில் வித்தியாசத் தொகையையே தேடு, ஏதோ ஒன்று பதியாமல் விட்டிருக்கும். இல்லையா, அதில் பாதியைத் தேடு, பற்றில் போக வேண்டியது வரவில் போயிருக்கும். அதுவும் இல்லையா, 9ஆல் வகுத்துப் பார். மீதியில்லாமல் போனால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 64 என்பதை 46 என்று எழுதினால் வித்தியாசம் 18. எந்த இரண்டு இலக்கத்தை மாற்றிப்போட்டாலும் 9ன் மடங்குதான் வரும்.

ஒரு மண்டியின் கணக்கு 12 ரூபாய் இடித்தது. வெறும் 12 ரூபாய். காரணம் தெரியாத தொகையை ஒதுக்கிவைக்கும் அனாமத்துக் கணக்கில் போட்டுவிடலாம் என்றோம். அவர் விடவில்லை. பேரேட்டின் ஒவ்வொரு தாளையும் ரொக்க ஏட்டோடு வைத்து டிக் அடிக்கவைத்தார். வீட்டுக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அவரை மனதாரத் திட்டியபடி உட்கார்ந்திருந்தோம். கடைசியில் கிடைத்தது ஒரு பிழை அல்ல, இரண்டு. கிராமத்துக் கடைக்காரர் ஒருவர் கட்டிய 4,860 ரூபாய் ரொக்க ஏட்டில் இருக்கிறது, அவர் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை. சரக்கு அனுப்பிய ஒருவருக்குக் கொடுத்த 4,848 ரூபாய் அவர் கணக்கில் பற்று எழுதப்படவில்லை. ஒன்றை ஒன்று மறைத்தது போக மீந்ததுதான் 12. அந்தக் கடைக்காரரிடம் மண்டி ஆட்கள் கட்டிய பணத்தையே திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரசீதைத் தொலைத்துவிட்டு அவர் வாய்மொழியாக மன்றாடிக்கொண்டிருந்தார். அனாமத்தில் தள்ளியிருந்தால் அந்த மனிதர் இரண்டாவது தடவையும் கட்டியிருப்பார்.

சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கணக்கு மோசடியை உங்கள் மேடம் நிச்சயம் சொல்லியிருப்பார். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தைத் தேடி முழுதாகப் படியுங்கள். ஏட்டில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். அது எப்படித் தொடங்கியது என்றும் சொல்கிறார்: உண்மை லாபத்துக்கும் ஏட்டு லாபத்துக்கும் இடையில் சிறிய இடைவெளி. அதை மூடினார்கள். அடுத்த முறை அது இன்னும் கொஞ்சம் பெரிதாக வந்தது. அந்த ஐந்தொகையும் ஒவ்வொரு ஆண்டும் டேலி ஆகிக்கொண்டுதான் இருந்தது.

ரப்பரையும் கையெழுத்துப் பேரேட்டையும் பற்றிப் புலம்பியிருக்கிறீர்கள். மென்பொருள் கூட்டித்தரும், சில்லறைச் செலவில் நீங்கள் ஏற்றிய தொகையையும் சேர்த்தே கூட்டித்தரும். 2023 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டு நிறுவனங்கள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருளில், யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற தடம் பதிவாக வேண்டும், அதை அணைத்துவைக்கவும் முடியக்கூடாது என்பது விதி. உங்கள் மேடத்தின் ஒற்றைக் கோடும் அதுவேதான். இதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

ஆனால் “உனக்கெல்லாம் எதுக்கு பி.காம்.?” என்றது அநியாயம். அதை நான் கண்டிப்பு என்று சொல்லமாட்டேன். குறைத்த மதிப்பெண் விடைத்தாளுக்கு, அந்தச் சொல் உங்களுக்கு, உங்கள் வீட்டுக்கு. எவ்வளவு நல்ல ஆசிரியருக்கும் அந்த உரிமை கிடையாது. அதைப் பெயரில்லாத படிவத்தில் கட்டம் கட்டமாகக் கொட்டாதீர்கள். நேரில் போய், “மேடம், நீங்கள் சொன்னது வலித்தது” என்று சொல்லுங்கள். இத்தனை தாளையும் வரிவரியாகப் பார்க்கிறவர் கேட்பார் என்றே நினைக்கிறேன். கேட்காவிட்டால் துறைத்தலைவரிடம் கையெழுத்திட்டு எழுதிக் கொடுங்கள். படிவத்தில் ‘பாடம் தெளிவாக எடுக்கிறாரா’ என்று கேட்டிருப்பார்கள். அதற்கும் கோபத்தில் குறைத்துப் போட்டீர்களே, அங்கேயும் சில்லறைச் செலவை ஏற்றிவிட்டீர்கள். மனது சரியில்லாமல் இருப்பது நல்லது, இருக்கட்டும்.

அப்பாவிடம் சொல்லுங்கள். கடையில் பற்று நோட்டு வைத்திருப்பார். ஒருநாள் கல்லா இடித்தால் அந்தத் தொகையை யாரோ ஒருவர் பற்றில் ஏற்றிவிடுவாரா என்று கேட்டுப் பாருங்கள். அவர் கோபிக்கமாட்டார், எனக்குத் தெரியும்.

விடைத்தாளைத் தூக்கிப் போட்டிருக்கமாட்டீர்கள். 1,800 என்பது 9ஆல் வகுபடுகிறது. ஆயிரத்திலும் நூறிலும் உள்ள இலக்கங்களுக்கு 2 வித்தியாசம் இருக்கும் எண்களைப் பாருங்கள். 6,400ஐ 4,600 என்றோ, 3,100ஐ 1,300 என்றோ பார்த்து எழுதியிருக்கலாம். அங்கே இல்லையென்றால் 900 ரூபாய் எங்காவது பக்கம் மாறி உட்கார்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். சரிக்கட்டல்களில் (அட்ஜஸ்ட்மென்ட்) ஒன்றை ஓரிடத்தில் மட்டும் காட்டி இன்னோரிடத்தில் விட்டிருந்தாலும் இப்படி நிற்கும். கிடைத்ததும் ஒர்க்கிங் நோட்டோடு முதலில் அவரிடம் காட்டுங்கள், பிறகு எனக்கு எழுதுங்கள்.