கோர்ட்டா, ஃபெலோஷிப்பா? நிலச் சட்டம் படிக்க நினைக்கும் மகளின் அப்பாவுக்கு

ஐயா, வணக்கம்.

"வக்கீலுக்குப் படிச்சவ கோர்ட் பக்கம் போகாம ஃபெலோஷிப்னு சுத்தினா, நாளைக்கு யாரு கேஸ் குடுப்பா?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாப்பா இப்போது நாலாம் ஆண்டுதானே, பதற்றம் வேண்டாம்.

ஃபெலோஷிப் என்றால் குறிப்பிட்ட காலத்துக்குப் படித்தோ வேலை பார்த்தோ பழகும் வாய்ப்பு. நில உபயோகம், அதாவது எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற விஷயம், அந்தப் பெயர் போட்டே சட்ட மாணவர்களுக்கு ஃபெலோஷிப் வருமா என்று தேடினால் நம் ஊரில் அலுப்புதான் மிஞ்சும். பெயரை விட்டுவிட்டு, உள்ளே என்ன வேலை தருகிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படிப் பார்த்தால் மிக நெருங்கி வருவது நகரங்களைப் பற்றிய படிப்புக்கும் ஆய்வுக்குமான பெங்களூரு ஐஐஹெச்எஸ் நிறுவனத்தின் அர்பன் ஃபெலோஸ் புரோகிராம். எந்தப் பட்டம் படித்தவரும் விண்ணப்பிக்கலாம், ஒன்பது மாதம் அங்கேயே தங்கிப் படிப்பு. கட்டிடக்கலை படித்தவர்களோடு உட்கார்ந்து வரைபடம் பார்க்கும் பழக்கம் சட்டக் கல்லூரியில் கிடைக்காது. சட்டமியற்றும் பணிகளை ஆராயும் பிஆர்எஸ் அமைப்பு நடத்தும் லேம்ப் ஃபெலோஷிப், டெல்லியில் ஒரு எம்.பி.க்கு ஆய்வு உதவி செய்யும் வேலை. 25 வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள், அதனால் தள்ளிப்போட முடியாது. தமிழக அரசின் ஃபெலோஷிப்பான முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்துக்குச் சட்டப் பட்டத்தில் முதல் வகுப்பும் நல்ல தமிழும் வேண்டும். அது ஆண்டுதோறும் வராது, அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு சிக்கலை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். பார் கவுன்சிலில் பதிவு செய்த வக்கீல் முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால், அந்தக் காலத்துக்குத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். சிவில் நீதிபதி தேர்வெழுத மூன்றாண்டு வக்கீல் தொழில் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிபதியிடம் லா கிளார்க்காக, அதாவது சட்ட ஆய்வு உதவியாளராக இருந்த காலம் அந்தக் கணக்கில் சேரும், மேலே சொன்ன ஃபெலோஷிப் காலம் சேராது. மகளை நீதிபதியாகப் பார்க்கும் ஆசை வீட்டில் இருந்தால் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

விண்ணப்பக் கட்டுரைதான் பலருக்குச் சறுக்கும் இடம். "சிறுவயது முதலே சமூக நீதியில் ஆர்வம்" என்று தொடங்கும் கட்டுரைகளை எத்தனையோ படித்துவிட்டேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. உங்கள் வீடு மாங்காட்டில்தானே? பக்கத்தில் ஏதாவது ஒரு நிலத்தின் சர்வே எண்ணை எடுக்கச் சொல்லுங்கள். அரசின் இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகை, உரிமையாளர் விவரம் உள்ள வருவாய்த் துறைப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றும் கிடைக்கும். அதே எண்ணுக்கு சிஎம்டிஏ எனும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் வரைபடத்தில் என்ன உபயோகம் போட்டிருக்கிறது என்று பார்க்கட்டும். பிறகு நேரில் போய் நிற்கட்டும். தாளில் விவசாயம், தரையில் குடோன் என்று இருந்தால் கட்டுரை கிடைத்த மாதிரிதான். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவில் நில உபயோகத்தை மாற்றுவார்கள், ஆட்சேபணை கேட்டு நாளிதழில் விளம்பரமும் வரும். அதில் ஒன்றை வெட்டி வைத்து, யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் என்று இரண்டு பக்கம் எழுதட்டும்.

யார் கேஸ் கொடுப்பார்கள் என்றீர்களே. எந்த இடத்தில் என்ன வரலாம் என்று வரைபடத்தில் நிறம் பூசிக் காட்டும் மாஸ்டர் பிளான் இருக்கிறதே, சென்னையின் இரண்டாவது பிளான் 2026-ஓடு முடிகிறது, 2046 வரைக்குமான மூன்றாவது பிளான் வேலை நடக்கிறது. வயலுக்கு மேல் எந்த நிறம் பூசியிருக்கிறார்கள் என்று படித்துச் சொல்லவே ஆள் தேடி வருவார்கள். வீடு, மனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ரெரா ஆணையம், சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இரண்டும் சென்னையிலேயே இருக்கின்றன.

அந்த இரண்டு பக்கத்தை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.